பெரியவரின் எடை

குடைக் கம்பெனிக்காரர் வீட்டு நாயை ரயில்வே பார்சல் ஆபீஸ் தராசில் ஏற்றியபோது அது நானூற்றுப் பன்னிரண்டு கிலோ இருந்தது. தராசில் கோளாறு ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால் ஏறிய வெங்காய மூட்டையும் பின்னால் ஏறிய தையல் மெஷினும் இருக்க வேண்டிய எடையில்தான் இருந்தன. நாயைப் பார்த்தால் விலா எலும்பை எண்ணிவிடலாம். வயது பதினாறு. ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டது. பின்னங்கால்கள் ஒன்றை ஒன்று கேட்காமல் ஆளுக்கொரு பக்கம் போகும். பார்சல் கிளார்க் முள்ளை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார், கட்டண அட்டையைப் பார்த்தார், ஒரு பியானோவுக்கு என்ன கேட்பாரோ அதைக் கேட்டார். நாய்க்கு எப்படி இவ்வளவு கனம் என்று கேட்கவில்லை. கனத்துக்குக் காசு வாங்குவதற்குத்தான் அவருக்குச் சம்பளம், காரணம் கேட்பதற்கு இல்லை.

நாயை நாட்டின் மறுகோடிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியம் குடைக் கம்பெனியின் புத்திசாலித்தனத்தால் வந்தது. மழையே பெய்யாத ஊரில் இருபத்திரண்டு வருஷம் குடை செய்த பிறகு, இங்கே மழை பெய்வதில்லை என்பதை நிர்வாகம் ஒரு ஆய்வு நடத்திக் கண்டுபிடித்தது. ஆய்வு நடத்தியவருக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். வருஷம் பூராவும் தூறிக்கொண்டிருக்கும் ஊருக்குக் கம்பெனி மாறுகிறது, முதல் தேதிக்குள் வந்து சேர்கிறவர்களுக்கு வேலை உண்டு, வராதவர்களுக்கு ஆளுக்கொரு குடை என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்தக் கம்பெனியில் நாய்க்குச் சொந்தக்காரரான குடைக்காரருக்கு வேலை குடைகளை விரித்து மடக்கிப் பார்ப்பது. காலை முதல் மாலை வரை ஜன்னல் இல்லாத அறையில் நின்று விரிப்பார், மடக்குவார். வேறு வேலை அவருக்குத் தெரியாது. இந்த வேலையும் எவ்வளவு தெரியும் என்பது அந்தக் குடைகளை வாங்கினவர்களைக் கேட்க வேண்டிய விஷயம். அவர் மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லை பொருத்துகிறவள். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைச் சரிசெய்து கொடுத்த அந்தம்மாள், கட்டின புருஷன் முகத்தைப் பார்த்துப் பேசிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

முழுக்கப் பேசாமல் இருந்திருந்தால் அதில் ஒரு கௌரவமாவது இருந்திருக்கும். இவர்கள் நாயிடம் பேசினார்கள். குட்டியாக இருந்தபோதே முன்னங்காலை மடித்துத் தீர்ப்புச் சொல்லப் போகிறவர் மாதிரி உட்காரும் என்பதால் அதற்குப் பெரியவர் என்று பெயர் விழுந்திருந்தது. "பெரியவரே, அடுப்புல கேஸ் தீந்துபோச்சுன்னு சொல்லுங்க" என்பாள் அவள், புருஷனுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு. "பெரியவரே, நேத்தே சொல்லியிருந்தா வாயில முத்து உதிர்ந்திருக்குமான்னு கேளுங்க" என்பார் அவர், அவளுக்கு இரண்டடி தள்ளி. பெரியவர் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்ப்பார். உப்பு, சாவி, குழாய், காய்ச்சல், சம்பளம், சாவு எல்லாம் அவர் வழியாகத்தான் போக வேண்டும். ஆனால் நாய்க்குப் பேச வராது என்ற சின்ன விஷயத்தை இருவரும் கணக்கில் எடுக்கவில்லை. கொடுத்த பேச்சையெல்லாம் அவர் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். ஒன்றையும் வெளியே விடவில்லை. வீட்டில் அந்தக் கனம் தெரியவில்லை. அவள் ஒரு கையால் அவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அடியில் பெருக்குவாள். அவர்கள் இருவரைத் தவிர மற்றவர்களுக்கும் இயந்திரங்களுக்கும்தான் அவர் கனத்தார்.

ஏன் பேசுவதில்லை என்பதற்கு அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். நகை என்றார்கள், வேறொருத்தி என்றார்கள், மாமியார் என்றார்கள். மாமியார் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டவர் என்பது அவர்களைக் கொஞ்சமும் தடுக்கவில்லை.

குடைக்காரரின் அண்ணனுக்குச் சிக்கனம் என்று பட்டப்பெயர். ஹோட்டலில் கை துடைக்க வைக்கும் காகிதத்தை மடித்து வீட்டுக்குக் கொண்டுவருகிற மனிதர். எச்சில் கையால் காக்காய் ஓட்டமாட்டார். யோசனை மட்டும் வாரி வழங்குவார். வயதான நாயை மலிவாகக் கொண்டுபோவது எப்படி என்பதில் திடீரென்று நிபுணராகிவிட்டார். முதலில் பஸ். பெரிய பையில் வைத்து சீட்டுக்கு அடியில் தள்ளிவிடு, குரைத்தால் நீ இருமு என்றார். பஸ் கிளம்பும் முன்பே பின் டயர்கள் இரண்டும் வெடித்தன. அடுத்தது, வீட்டுச் சாமான் ஏற்றும் லாரியில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே உட்கார வைப்பது. பெரியவரை ஏற்றியதும் லாரியின் பின்பக்கம் தரையைத் தொட்டது, முன்சக்கரம் தூக்கிக்கொண்டது. "நாய்னு சொல்லி என்ன சார் ஏத்துறீங்க, ஊர்ல இருக்கற இரும்பையெல்லாமா?" என்றார் டிரைவர். விமானக் கம்பெனிக்குப் போன் செய்ததில் தேன் குரலில் ஒரு பெண் மூன்று ஆள் டிக்கெட்டுக்கான தொகையைச் சொல்ல, சிக்கனம் போன் பில்லுக்குப் பயந்து வைத்துவிட்டார். வழியில் இருக்கும் ஒவ்வொரு ஊரிலும் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் விட்டு, அவர் அடுத்தவரிடம், அவர் அதற்கடுத்தவரிடம் என்று கைமாற்றிக் கொண்டுபோகலாம் என்றும் ஒரு திட்டம் போட்டார். அவருக்குத் தெரிந்தவர்களில் அவர் போனை எடுப்பவர் யாரும் இல்லாததால் அது நடக்கவில்லை. கடைசியாகத்தான் பார்சல் ஆபீஸ்.

கிளார்க் கேட்ட பணம் குடைக்காரரின் எட்டு மாதச் சம்பளம். நாய் வராவிட்டால் தானும் வரப்போவதில்லை என்று அவள் ஏற்கெனவே, நாயிடம்தான், சொல்லியிருந்தாள். முதல் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. அப்போது சிக்கனம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இருப்பதிலேயே சல்லிசான வழியைச் சொன்னார். "ஒரே ஒரு ஊசி. டாக்டர் எனக்குத் தெரிஞ்சவர்தான், பேசிக் குறைச்சுக்கலாம். நாய்தானே, இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கப்போகுது?" குடைக்காரர் கையிலிருந்த குடையை விரித்தார், மடக்கினார். "பெரியவரே, அண்ணன் சும்மா ஒரு யோசனைதான் சொல்றார்னு சொல்லுங்க" என்றார். முள் நானூற்றுப் பதினைந்துக்குப் போனது. அவள் தராசுப் பலகையில் படுத்திருந்த நாயைப் பார்த்தாள். பெரியவர் வழக்கம்போல அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, பதிலை வாங்கிக்கொள்ள இந்தப் பக்கம் திரும்பினார். அவள் நாயைத் தாண்டிப் புருஷனைப் பார்த்தாள்.

"உங்க அண்ணனை வாயை மூடச் சொல்லுங்க" என்றாள்.

முள் ஆறு கிலோ இறங்கியது. குடைக்காரர் தன்னிடமா என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் வெங்காய மூட்டைதான் இருந்தது. பதினோரு வருஷத்துக்குப் பிறகு பெண்டாட்டியிடம் நேராகப் பேச வாய்ப்புக் கிடைத்த மனிதர் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணனாச்சே, எப்படிச் சொல்றது?" என்பதுதான். அதற்கும் முள் இரண்டு கிலோ இறங்கியது. தராசுக்கு ரசனை கிடையாது. சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகிற எரிச்சலில் இருந்த கிளார்க் கவுன்ட்டரைத் தட்டினார். "நாய்கிட்ட சொன்னா ஏறுது, நேர்ல சொன்னா இறங்குது. அப்படியே நேர்லயே பேசிக்குங்க, எனக்குப் பசிக்குது."

அன்றிலிருந்து இருவரும் தினமும் பார்சல் ஆபீசுக்கு வந்தார்கள். நாயைத் தராசில் வைத்துவிட்டு, அதனிடம் சொன்னதையெல்லாம் ஒன்றொன்றாக எடுத்து ஒருவர் முகத்துக்கு நேரே ஒருவர் சொன்னார்கள். வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டம் முதல் இரண்டு நாளில் கலைந்துவிட்டது, ஏனென்றால் அத்தனையும் குப்பை. எட்டு வருஷத்துக்கு முன்னால் தீர்ந்துபோன கேஸ், என்றைக்கோ ஒழுகின குழாய், யாரோ எடுத்துவிட்டு வைக்காத நகவெட்டி. இரண்டு பேர் இவ்வளவு அற்பமான விஷயங்களுக்காக ஒரு வாயில்லாப் பிராணியை நானூறு கிலோவாக்கியிருக்கிறார்கள் என்பது தெரிந்தபோது மூட்டை தூக்குகிறவர்களே முகத்தைச் சுளித்தார்கள். நடுநடுவே வேறு மாதிரியும் வந்தது. "உனக்கு ஆபரேஷன் நடந்தப்போ ரெண்டு நாளும் வெளியில நாற்காலியிலயேதான் இருந்தேன்" என்றார் அவர். "நீங்க நிக்கிற அந்த ரூம்ல காத்தே இல்லைன்னு உங்க மேனேஜர்கிட்ட நான்தான் போய்ச் சண்டை போட்டேன்" என்றாள் அவள். "நீ சிரிச்சா நல்லா இருக்கும்னு சொல்லிக்கிட்டே இருப்பேன், இவர்கிட்ட" என்றார் அவர். இந்த மாதிரி ஒவ்வொன்றுக்கும் முள் பத்துப் பன்னிரண்டு கிலோ விழுந்தது. சிரிப்பைப் பற்றிச் சொன்னதைக் கேட்டபோது அவள் அழுதாள். இத்தனை நல்ல வார்த்தையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வீணாகப் போனவர்களைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும்.

எட்டாம் நாள் பெரியவர் பதினைந்து கிலோவுக்கு வந்தார். அந்த வயதில் அந்த உயரத்து நாய் இருக்க வேண்டிய எடை அதுதான். கட்டணமும் கட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது, அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சிக்கனம் கட்டண அட்டையில் சின்ன எழுத்தைப் படித்திருந்தார். மூன்று கிலோவுக்குக் கீழே போனால் கைப்பை, காசே கிடையாது. "விடாதே, பேசு பேசு" என்று தம்பியின் முதுகைத் தட்டினார். இலவசம் என்றதும் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் புத்தி மழுங்கியது. மிச்சம் மீதியையும் துழாவி எடுத்துச் சொன்னார்கள். நாயின் சொந்த எடையில் போய்த் தராசு தானாக நின்றுவிடும் என்று நினைத்தார்கள். நிற்கவில்லை. பெரியவருடைய சொந்த எடை எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. இத்தனை நாளாக அவரைத் தரையில் வைத்திருந்ததே அவர்களுடைய பேச்சுதான். ஒரு கிலோவுக்கும் கீழே வந்தபோது அவருடைய முன்னங்கால்கள் பலகையைவிட்டு எழும்பின. கிளார்க் கட்டணம் இல்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

ரயிலில் அவரை மடியில் வைத்து மேலே ஒரு கை போட்டுக்கொண்டு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கையை எடுத்தால் அரையடி மேலே போனார். எதிர் சீட்டுப் பயணிகள் நாய் முடி கொட்டுகிறது என்றுதான் குறைப்பட்டார்கள். இரண்டாம் நாள் மத்தியானம், வெளியே ஊர்கள் பச்சையாக மாறத் தொடங்கியபோது, குடைக்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அது இது: அவளுடைய அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, உடனே வரவேண்டும் என்று பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து இவர் கம்பெனிக்குப் போன் வந்தது காலையில். அன்றைக்குக் கம்பெனியில் மேலதிகாரிகள் பார்வையிட வந்திருந்தார்கள், லீவு கேட்கப் பயம். சாயந்திரம் வீட்டுக்குப் போய், இப்போதுதான் போன் வந்தது என்று சொன்னார். அவள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள். நடந்ததை அவர் அன்று நாயிடம் மட்டும் சொன்னார். அவள் மறுநாளிலிருந்து பேச்சை நிறுத்தியதற்கு, அப்பா போன துக்கம் என்று பதினோரு வருஷமாக ஊரிடம் மட்டுமல்ல, தன்னிடமே சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்கப்பாவுக்கு முடியாம போன அன்னிக்கு..." என்று ஆரம்பித்தார்.

பெரியவர் அவள் கையிலிருந்து நழுவி மேலே போனார். முதுகு ரயில் பெட்டியின் கூரையில் இடித்தது. விலா எலும்புகளின் ஏற்ற இறக்கம் நின்றது, நல்ல கண்ணும் மூடிக்கொண்டது. அவள் எழுந்து நாயை எட்டிப் பிடிக்கவில்லை. புருஷனின் வாயைப் பொத்தினாள். கொஞ்ச நேரத்தில் கூரையில் மூச்சு திரும்பியது. பெரியவர் மெல்ல இறங்கி வந்து மடியில் படுத்தார்.

"எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில அன்னிக்கே சொல்லிட்டாங்க" என்றாள். "இதை உங்க வாயால கேக்கணும்னுதான் பதினோரு வருஷம் இருந்தேன். இனிமே வேணாம். சொன்னீங்கன்னா இவர் போயிடுவார்."

குடைக்காரர் தலையை ஆட்டினார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது என்பதை எழுதாமல் விட முடியாது. அவர் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள்தான் இந்த உலகத்தில் சௌக்கியமாக இருக்கிறார்கள். அவள் தன்னுடைய பதினோரு வருஷத்தைக் கொடுத்து நாயை வாங்கினாள். அதைவிட அதிகக் கட்டணத்தை எந்தப் பார்சல் ஆபீசும் யாரிடமும் வாங்கியதில்லை.

புது ஊரில் மழை நிற்பதே இல்லை. குடைகள் விற்கின்றன, ஒரு மாதத்தில் கம்பி பிடுங்கிக்கொள்வதால் திரும்பவும் விற்கின்றன. அவளுக்கும் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்தது. குடைக்காரர் அந்த ஒரு விஷயத்தைக் கம்பெனிக் கேன்டீனில் சொன்னார், முடி வெட்டுகிற இடத்தில் சொன்னார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிக் கண் கலங்கினார். சொல்ல வேண்டியவளிடம் சொல்லக்கூடாது என்று ஆனபிறகு அவருக்கு அவ்வளவு தைரியம் வந்துவிட்டது. யாரிடம் சொல்லியும் பெரியவரின் எடை குறையவில்லை. பெரியவர் பதினேழு, பதினெட்டு என்று வயதை ஏற்றிக்கொண்டே போனார். தரைக்கு நான்கு விரற்கடை மேலே நடந்தார். சகதி ஒட்டாத கால் உள்ள நாய் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அந்தத் தெருவில் சொன்னார்கள். குட்டி போட்டால் எனக்கொன்று என்று ஒருவர் சொல்லியும் வைத்தார்.

இப்போது புருஷனும் பெண்டாட்டியும் நேருக்கு நேர்தான் பேசிக்கொள்கிறார்கள். சில நாள் சாப்பிடும்போது குடைக்காரர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தொண்டையைச் செருமுவார். மேஜைக்கடியில் பெரியவரின் பின்னங்கால்கள் மேலே கிளம்பும். "சாப்பிடுங்க" என்பாள் அவள். அவர் சாப்பிடுவார். கால்கள் இறங்கும்.