எக்ஸ்ரே அறை

மைசூரில் நான் டாக்டராக இருக்கும் ஆஸ்பத்திரிக்கு மணிக்கட்டு வீங்கி வந்திருந்தாள் வடிவு. "பாத்ரூம்ல வழுக்கிட்டா மேடம்," என்று கணவன் சுப்பையாவே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். வழுக்கி விழுந்தவளுக்குக் கழுத்தில் விரல் தடம் எப்படி வரும்? எரிச்சலை அடக்கிக்கொண்டு எக்ஸ்ரேவுக்கு எழுதினேன். அந்த அறைக்குள் நோயாளியைத் தவிர யாரையும் விடமாட்டார்கள். அவள் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினேன்.

"இங்க அவரு இல்லம்மா. பயப்படாம சொல்லுங்க. அவருதானே அடிச்சாரு?"

வடிவு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"போன மாசம் கன்னம் வீங்கி வந்தப்பவும் இதையேதான் கேட்டீங்க டாக்டர். அவரப் பக்கத்துல வச்சுக்கிட்டே கேட்டீங்க. வீட்டுக்குப் போனதும், 'டாக்டருக்கு எப்படிடி தெரிஞ்சுது'ன்னு கேட்டுக் கேட்டு அடிச்சாரு."

அந்த முகம் எனக்கு நினைவிலேயே இல்லை.