கேள்விக்கு முந்திய பதில்

நாகலூரில் புவனாவின் மடிக்கணினி, அவள் கேட்பதற்குப் பதினோரு மில்லிசெகண்டு முன்பாகவே பதில் சொன்ன நாள், ஐப்பசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று மஞ்சக்குட்டை பஸ் வழக்கம்போல் தாமதம். பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு அவள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். புரோகிராம் எழுதுகிறவர்கள் செய்த மாற்றங்களை அவ்வப்போது பதிந்து வைப்பார்கள். அதற்குப் பிறகு எந்தக் கோப்பு மாறியிருக்கிறது என்று கேட்டால் சொல்லக் கருவிகள் உண்டு. அந்தக் கேள்விக்கு ஸ்டேட்டஸ் என்று பெயர். மூன்று கருவிகளில் எது வேகம் என்று அளக்கச் சொன்னார்கள். லட்சம் கோப்புகளை வைத்து ஒவ்வொன்றையும் ஆயிரம் தடவை ஓட்டினாள். முதலாவது நானூற்றுப் பன்னிரண்டு மில்லிசெகண்டு, இரண்டாவது தொண்ணூறு, மூன்றாவது மைனஸ் பதினொன்று. கடிகாரத்தைச் சரிபார்த்து மறுபடி ஓட்டினாள். அதே மைனஸ் பதினொன்று. மேலாளர் சராசரியை மட்டும் அனுப்பச் சொல்லிவிட்டு யாருக்கோ பிறந்தநாள் கேக் வெட்டப் போய்விட்டார்.

அத்தோடு நின்றதா என்றால், அதுதான் இல்லை. அந்த வாரமே அது வீட்டுக்குள் பரவியது. புவனாவுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். "ஏங் கண்ணு, விசேஷம் ஏதாச்சும் உண்டா?" என்று அவள் வயிற்றைப் பார்த்துக் கேட்காத வாய் நாகலூரில் கிடையாது. ஊரே அவளிடம் ஸ்டேட்டஸ் கேட்டது. "இன்னும் இல்லீங்க" என்று சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டு அருக்காணிதான் முதலில் மாட்டினாள். அவள் வாயெடுப்பதற்குள் புவனாவின் குரல் காற்றில், "இன்னும் இல்லீங்க" என்றது. புவனாவின் வாயிலோ வாழைப்பழம். "நான் இன்னும் கேக்கவே இல்லியே சாமி! இதென்ன ஊடு!" என்று அருக்காணி பதறிக்கொண்டு போனாள். மார்கழிக்குள் ஊருக்குப் பழகிவிட்டது. கேட்குமுன் பதில் கிடைத்தால் எவள் மெனக்கெட்டுக் கேட்பாள்? அப்பாடா என்று இருந்தது புவனாவுக்கு.

ஒருநாளும் கேட்காதவன் ஒருவன் உண்டு, அவள் கணவன் ஜீவானந்தம். காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். குறை அவனிடம்தான் என்று சேலத்து டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. அதை வெளியே விடாமல், ஊர் கேட்டதையெல்லாம் புவனா தன் தலையில் வாங்கிக்கொண்டாள். அவனோ அன்றிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்தே போனான் என்று அவளுக்குக் கோபம்கூட உண்டு.

தை மாதம் ஒரு காலை. அவன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான், அவள் அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவளுடைய குரல் கேட்டது: "உங்கள உட்டுப்போட்டு நான் எங்கயும் போக மாட்டேனுங்க."

தோசைக் கரண்டியோடு ஓடி வந்தாள். அவன் திறந்த வாயோடு நின்றான். கேட்க வந்தது என்னவென்று அந்தப் பதிலிலிருந்துதான் அவளுக்குத் தெரிந்தது. மூன்று வருஷமும் இதைத் தொண்டையில் வைத்துக்கொண்டா வேலைக்குப் போய் வந்தான், பாவி மனுஷன்!

"பரவாயில்லீங்க, வாயத் திறந்து கேளுங்க," என்றாள்.

அவன் கேட்டான், நடுவில் இரண்டு தடவை நிறுத்தி. காற்றில் அவள் குரல் மறுபடியும் முந்திக்கொண்டது. இருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அவன் கேட்டு முடிக்கும் வரை காத்திருந்து, அதன் பிறகே அவள் பதில் சொன்னாள்.