வடக்கு எல்லை

மலர்வளையத்தை முதலில் கண்டது வசந்தமலர்தான். காலை ஆறு மணிக்குப் படலையைத் திறக்கப் போனவள், அது கம்பியில் தொங்குவதைப் பார்த்தாள். செத்த வீட்டுக்குக் கொண்டுபோன யாரோ வழியில் மாட்டிவிட்டு மறந்துபோனார்கள் என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு குறுக்கே ஒட்டியிருந்த வெள்ளை நாடாவை வாசித்தாள். அதில் அவளுடைய முழுப் பெயர் இருந்தது. முன்னால் 'அமரர்' என்று போட்டிருந்தார்கள்.

தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒருவரும் இல்லை. கயிற்று முடிச்சு அவிழவில்லை. குசினியிலிருந்து கத்தியை எடுத்து வந்து அறுத்து, கிணற்றுக்குப் பின்னால் கிடந்த காய்ந்த ஓலைகளுக்கு அடியில் வளையத்தைத் தள்ளிவிட்டாள்.

"ஆரம்மா வந்தது?" உள்ளேயிருந்து மகள் யதுர்சிகா கேட்டாள்.

"ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. மாடு."

வசந்தமலருக்கு வயது ஐம்பத்தொன்பது. நானாட்டான் பக்கத்தில் ஒரு கூட்டுறவுக் கிராமிய வங்கியில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, போருக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவில் எப்படியோ தாக்குப்பிடித்து, முகாமையாளராக ஓய்வுபெற்றவள். கணவன் இறந்த பிறகு மத்தியஸ்த சபைக்கு அவளை நியமித்தார்கள். சனிக்கிழமைகளில் பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்து, வேலிச் சண்டை, மாடு பயிர் மேய்ந்த சண்டை என்று பதினொரு வருடம் தீர்த்து வைத்தாள். கடந்த உள்ளூராட்சித் தேர்தலில் நிற்கச் சொல்லி ஊரார் வந்து கேட்டபோது அந்தப் பொறுப்பிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டுத் தேர்தலில் நின்றாள், வென்றாள். வங்கியாளராக இருந்தாள், நீதவான் மாதிரியும் இருந்தாள், இப்போது சட்டம் போடவும் போய்விட்டாள் என்று பிரதேச சபையில் யாரோ பகிடி விட்டதற்கு அவளும் சேர்ந்து சிரித்திருந்தாள்.

மூன்று கதிரைகளிலும் இருந்தபோது அவள் பயந்ததுண்டு. ஆனால் பெயர் போட்டு யாரும் பயம் காட்டியதில்லை.

காரணம் அவளுக்குத் தெரியும். கொழும்பு முதலாளி ஒருவர், ஆலடிக்குளத்துக்குப் பக்கத்திலிருந்த தன் ஏழு ஏக்கர் காணியை நிரவிக் களஞ்சியசாலை கட்டவும், அதற்குத் தெரு போடவும் பிரதேச சபையிடம் அனுமதி கேட்டிருந்தார். கோப்பிலிருந்த காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியைப் பார்த்ததுமே அவளுக்கு உறுத்தியது. அதே காணியை முன்பு வைத்திருந்தவர் அதன் மூல உறுதியை அவளுடைய வங்கியில் ஈடு வைத்திருந்தார். நாலு வருடம் அது இரும்புப் பெட்டிக்குள் கிடந்தது. அப்போது அது மூன்று ஏக்கர். வடக்கு எல்லை, குளத்துத் தண்ணீர் ஏறி நிற்கும் அலைகரை. மிச்ச நாலு ஏக்கரும் குளம்.

வங்கியில் கண்டதை வெளியில் பேசக்கூடாது என்பது அவள் கடைசிவரை காத்த ஒழுங்கு. அதனால் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மன்னாருக்கு பஸ் ஏறி, காணிப் பதிவகத்தில் எல்லாரையும் போல விண்ணப்பம் கொடுத்து, மூல உறுதியின் பிரதியைப் பெற்றுக்கொண்டு வந்தாள். அவளுடைய ஞாபகம் சரியாகத்தான் இருந்தது. அவள் பதிவகத்துக்குப் போனது எப்படியோ வெளியில் தெரிந்திருக்கவேண்டும்; மூன்றாம் நாளிலிருந்து தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. எடுத்தால் யாரும் பேசமாட்டார்கள். மோட்டார் சைக்கிள் இரையும் சத்தம் மட்டும் கேட்கும்.

அந்த அனுமதிக்கான வாக்கெடுப்பு, மலர்வளையம் வந்ததற்கு அடுத்த நாள் காலை.

மலர்வளையம் கண்ட அன்றே பத்து மணிபோல கிருஷாந்தன் வந்தான். முதலாளியின் காணி வேலைகளை இங்கே பார்ப்பவன் அவன்தான். ஒரு காலத்தில் அவனுடைய தகப்பனுக்கும் சித்தப்பனுக்கும் இருந்த பகையை அவள்தான் சமாதானத்தில் முடித்து வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக உள்ளே வந்து கதிரை நுனியில் இருந்தான்.

"சுகமா இருக்கிறியளா அன்ரி?"

"இருக்கிறன் தம்பி."

"முகம் வாடிப்போய்க் கிடக்கு. நாளைக்குச் சபைக்குப் போகாம வீட்டில நில்லுங்கோவன். சுகமில்லை எண்டு ஒரு துண்டு எழுதிக் குடுத்தாக் காணும்."

அவள் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

"யதுர்சிகா தங்கச்சி முருங்கனில ஏழே காலுக்குத்தானே பஸ் ஏறுறவ? அந்த றோட்டில இப்ப டிப்பர் லொறிக்காரர் கண்மண் தெரியாமல் ஓடுறாங்கள். கவனமாப் போகச் சொல்லுங்கோ." எழுந்து, கும்பிட்டுவிட்டுப் போனான். அவன் குரலில் ஒரு கோபமும் இருக்கவில்லை. 

மத்தியானம் சாப்பிடாமலே வீட்டிலிருந்து கிளம்பினாள். சபை உறுப்பினர்களில் அவளுக்கு நம்பிக்கையான ஒரே ஆள் பைசர். போர்க்காலத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய குடும்பத்துப் பிள்ளை. அவனுடைய கடைக்குப் போய், பின்பக்கம் கூப்பிட்டு, நடந்ததைச் சொன்னாள்.

பைசர் கேட்டுவிட்டுக் கடையின் பின்கதவைச் சாத்தினான். "அக்கா, நான் பொய் சொல்லேல்ல. எனக்கும் பயம்தான். எனக்கு மூண்டு பிள்ளையள். உங்களோட சேந்து பேசுவன் எண்டு இப்ப சொல்ல ஏலாது."

"விளங்குது தம்பி."

"ஆனா காலமை நான் வந்து கூட்டிக்கொண்டு போறன். தனிய பஸ்ஸில வராதேங்கோ."

அன்று பின்னேரம் யதுர்சிகா வேலை முடிந்து வந்து, முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனவள், ஓலைக்கடியில் கிடந்த நாடாவின் நுனியைக் கண்டு இழுத்துவிட்டாள். அதைக் கையில் பிடித்தபடி விறாந்தைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை.

"இதுதானா மாடு?"

வசந்தமலர் எல்லாவற்றையும் சொன்னாள், பஸ் கதையையும். சொல்லி முடித்ததும், "நான் போகேல்ல. சுகமில்லை எண்டு எழுதிக் குடுக்கிறன்" என்றாள். அதைச் சொன்னபோது அவளுக்கு ஒரு பெரிய ஆறுதல் வந்தது உண்மை.

யதுர்சிகா தாயின் பக்கத்தில் இருந்தாள்.  "நீங்கள் போங்கோ எண்டும் நான் சொல்லேல்ல, போகாதேங்கோ எண்டும் சொல்லேல்ல. ஆனா என்னைச் சாட்டி நிக்காதேங்கோ அம்மா. பிறகு அதை ஆயுளுக்கும் நான்தான் சுமக்கவேணும்."

மறுநாள் யதுர்சிகா வேலைக்குப் போகவில்லை. வவுனியாவிலிருந்த சித்தி வீட்டுக்கு முதல் ரயிலில் அவளை ஏற்றிவிட்டுத்தான் வசந்தமலர் பைசரின் வான் வண்டியில் ஏறினாள். வழியில் ஒரு டிப்பர் எதிரே வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். சபை வாசலில் கிருஷாந்தன் இரண்டு பேருடன் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் குவளையைக் கீழே வைத்தான்.

அனுமதி கோரும் பிரேரணையைச் செயலாளர் வாசித்தார். "ஆட்சேபனை இருக்கா?" என்று சபைத் தலைவரான தவிசாளர் கேட்டார். வசந்தமலர் எழுந்தாள். இரவு முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்த பேச்சில் ஒரு சொல்லும் வரவில்லை.  பொதுமக்கள் இருக்கும் நீள வாங்கில் கிருஷாந்தன் கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்தான். 

"உறுப்பினர் ஏதும் சொல்லப்போறியளா?"

அவள் பிரதியை நீட்டினாள்.  "வடக்கு எல்லை" என்றாள். குரல் கீச்சிட்டு நின்றுவிட்டது. மறுபடி, "வடக்கு எல்லை..." என்றாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை.

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். அப்போது நாலு கதிரை தள்ளி இருந்த பைசர் எழுந்து வந்தான். அவன் முகமும் வெளிறியிருந்தது. தாளை அவள் கையிலிருந்து வாங்கி, ஒரு முறை தொண்டையைச் செருமி, காணிப் பதிவகத்து முத்திரையை எல்லாருக்கும் காட்டிவிட்டு வாசித்தான். மூன்று ஏக்கர். வடக்கே ஆலடிக்குளத்து அலைகரை. வாசித்து முடிய ஒருவரும் சிரிக்கவில்லை. குளத்துக்குக் கீழே வயல் செய்யும் ஏரம்பு என்ற கமக்காரர் பின்வரிசை வாங்கிலிருந்து எழும்பி, "அப்ப எங்கட தண்ணியையோ எழுதி எடுத்திருக்கினம்?" என்று மட்டும் கேட்டார்.

வாக்கெடுப்பு நடக்கவில்லை. நில அளவையாளர் அளந்த பிறகு பார்ப்போம் என்று தவிசாளர் ஒத்திவைத்தார்.

அன்று மத்தியானமே வசந்தமலர் மலர்வளையத்தைப் பற்றி முறைப்பாடு செய்யப் பொலிசுக்குப் போனாள். சந்தேகம் யார்மேல் என்று கேட்டார்கள். சொல்லலாமா விடலாமா என்று யோசித்துவிட்டுக் கிருஷாந்தனின் பெயரைச் சொன்னாள். சிங்களத்தில் எழுதியதை ஒரு தமிழ்ப் பொலிஸ்காரி வாசித்துச் சொல்ல, கையெழுத்து வைத்தாள். கையெழுத்து அவளுடையது போலவே இல்லை.

மூன்று வாரத்துக்குப் பிறகு காணியை அளந்தார்கள். சபையின் சார்பில் அவள் போய் நிற்கவேண்டியிருந்தது. குளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். கிருஷாந்தன் மறுகரையில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றான். அளவையாளர் கல்லை அலைகரையில் நட்டுவிட்டு, "மூண்டு ஏக்கரும் கொஞ்சமும்தான் அம்மா, மிச்சம் குளம்" என்றார். கிருஷாந்தன் வண்டியை உதைத்து, கரையைச் சுற்றி அவள் நின்ற பக்கமாகவே மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தான். அவள் நகரவில்லை. துணிச்சலால் அல்ல, கால் எழும்பாததால். அவன் அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கடந்து போனான்.

விண்ணப்பத்தை முதலாளி திருப்பி எடுத்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டாள். யதுர்சிகா இன்னும் வவுனியாவில்தான் இருக்கிறாள், அங்கேயே வேலை தேடுகிறாள். தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அது தாண்டிப் போகும்வரை வசந்தமலர் கையிலிருக்கும் வேலையை நிறுத்தி வைக்கிறாள். ஒவ்வொரு மாதமும் சபைக் கூட்டத்துக்குப் போகிறாள்.