பெயர் போடாத நாற்பது பக்கம்

லண்டனில் டோரி கட்சியின் காலாண்டிதழில், விமர்சனங்களுக்குக் கீழே பெயர் போடும் வழக்கமில்லை. அந்தத் துணிச்சலில்தான் அக்கட்சியின் வரலாற்றாசிரியர் ஹார்போர்ட் ஒரு விமர்சனத்தை நாற்பது பக்கம் எழுதித் தள்ளினார். எதிர்க்கட்சியான விக் கட்சியின் பிரேத்வைட், பன்னிரண்டு வருடம் உழைத்து, மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரின் வரலாற்றை எழுதியிருந்தார். ஹார்போர்ட் அதை மூன்று வாரம் சலித்தும் ஒரே ஒரு பிழைதான் சிக்கியது: ஒரு கோட்டை வீழ்ந்த தேதி. அது போதாதா? புளுகர் என்றார், மன்னரைத் தூற்றக் காலத்தையே திரித்தவர் என்றார். விமர்சனம் வெளிவந்ததும் பிரேத்வைட்டின் பதிப்பாளர் இரண்டாம் பாகத்தைக் கைவிட்டார்.

மறுவாரம் பிரேத்வைட்டே ஹார்போர்ட்டின் வீடு தேடி வந்தார். ஹார்போர்ட் தேநீர் கொடுத்து உட்கார வைத்தார்.

"எழுதினது யாருன்னு தெரியல சார். உங்க கட்சியில நியாயமான மனுஷன் நீங்க ஒருத்தர்தான்னு வந்தேன். அந்தத் தேதிய உங்க புத்தகத்துலேருந்துதான் எடுத்தேன். வெளிய சொன்னா உங்க பேரு கெட்டுடுமேன்னு வாயே தொறக்கல."

ஹார்போர்ட்டுக்கு இது புதிய செய்தியா? தான் பெற்ற பிழையை அவருக்கு அடையாளம் தெரியாதா? சர்க்கரைக் கிண்ணத்தை விருந்தாளியின் பக்கம் நகர்த்தினார்.

"அதுதாங்க நீங்க செஞ்ச தப்பு. எங்க கட்சிக்காரன் எழுதின சரித்திரத்தப் போயி நீங்க நம்பலாமா?"