எந்த வீட்டுப் பங்கு?

...இல்லை, கூட்டத்தின் கடைசியில் நான் அந்தச் சிரிப்பை மட்டும் அடக்கியிருக்கலாம், மற்றபடி ஒரு குறையும் இல்லை, பேசினால் இப்படிப் பேச வேண்டும், வைத்தீஸ்வரன் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாரே, அழுக்கே இல்லாத கண்ணாடியை, தெருச் சங்கத்துக்குத் தலைவரானதிலிருந்து அவர் வாயடைத்துப் போய் யாராவது பார்த்திருக்கிறார்களா, இன்று இந்தப் பரிதா என் பேச்சில் கீழ்க்கட்டளையே பார்த்தது... சரி, கீழ்க்கட்டளை முழுக்க இல்லை, எங்கள் தெரு, அதுவும் பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தவர்கள். என் ஸ்கூட்டர் எப்போதும் சத்தமில்லாமல்தான் போகும், ஆனால் இன்று ஊருக்கே கேட்கிற மாதிரி போக வேண்டும் போலிருக்கிறது, காலித் தெருவில் ஹாரன் அடித்தேன், ஒரு நாய் எழுந்து நகர்ந்தது, நகரட்டும், ஜெயித்தவள் வருகிறாள்.

என்ன சொன்னார் மனிதர்? பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிவிட்டு மூடிய லட்சணத்தில் தெரு கிடக்கிறது, மழைக்கு முன்னால் நாமே வீட்டுக்கு ஒரு பங்கு போட்டுச் சரி பண்ணிக்கொள்வோம் என்றார், நல்ல பேச்சு, நானும் தலையாட்டினேன், எங்கள் வீட்டுப் பங்கைக் கவரில் போட்டு சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டுதானே போயிருந்தேன். அப்புறம்தான் ஆரம்பித்தார், பெட்ரோல் போடுறவங்க லிட்டருக்கு லிட்டர் ரோடுக்குன்னு வரி கட்டுறோம், எலக்ட்ரிக் வண்டிக்காரங்க ஒண்ணும் கட்டுறதில்ல, அதனால அவங்களுக்கு ரெண்டு பங்கு. அவங்க என்றால் யார்? தெருவில் கரண்ட் வண்டி என்னுடையது ஒன்றுதான்! அதோடு விட்டாரா, நாள் பூரா லேடீஸுக்கு வண்டி கத்துத் தர்றேன்னு இதே ரோட்டைத் தேய்க்கிறாங்க என்றார். தேய்க்கிறேனா? எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் பிழைப்பு அது, இந்த ஒரு தெருவில் நடப்பது, பெரிய ரோட்டில் கற்றுக்கொள்ள எந்தப் பெண் வருவாள்? எழுந்தேன். சார், என் வண்டி என்ன வெயிட்டு, உங்க கார் என்ன வெயிட்டு, தினம் உங்க ஃபிளாட்டுக்கு வர்ற தண்ணி லாரி என்ன வெயிட்டு, ரோட்டை யாரு உடைக்கிறாங்களோ அவங்க கட்டட்டும்... தண்ணி லாரி என்றதும் பின்வரிசையில் கங்கையம்மாள் அக்கா படபடவென்று கை தட்டினார், ஐம்பது வயதுக்கு மேல் என்னிடம் வண்டி கற்க வந்தவர், இந்தத் தெருவில் பாதி அவர் குடும்பம் விற்ற மனைதான், அவர் தட்டினால் தெரு தட்டும், தட்டியது. சரிங்க மேடம், உங்க வண்டியால ரோட்டுக்கு ஒரு பாரமும் இல்ல, உங்களுக்குப் பங்கே வேணாம், விட்டுடுங்க என்றார் தலைவர். இரண்டு கேட்டவர்! ஒன்றைக் கொடுக்கப் போனவள் ஒன்றும் கொடுக்காமல் வருகிறேன், கவர் சீட்டுக்கு அடியில் அப்படியே இருக்கிறது, இன்றைக்கு வீட்டில் பிரியாணிதான், நானே கிளறுகிறேன்.

முனைத் திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தேன், அங்கேதான் பெரிய பள்ளம், முன்பே கட்டியவர்கள் பணத்தில் காலையிலேயே வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள் போல, மேஸ்திரி பொன்னுசாமி அண்ணன் குட்டியானை லோடு வண்டியிலிருந்து மண்வெட்டியால் தள்ளிக்கொண்டிருந்தார், என்ன அது வெள்ளையும் நீலமுமாக... டைல்ஸ்! எவன் வீட்டிலோ இடித்த பாத்ரூம். இந்தப் பக்கத்து வழக்கமே இதுதான், பள்ளம் என்றால் இடிபாட்டைக் கொட்டு, மேலே மண்ணைத் தூவு, முதல் மழைக்கு மண் ஓடிவிடும், முனைகள் கத்தி மாதிரி நிமிர்ந்து நிற்கும். ஜெயித்த வாய் சும்மா இருக்குமா, இறங்கினேன். என்னண்ணா இது, வண்டி திரும்புற இடம், டைல்ஸைக் கொட்றீங்க, செங்கல் ஜல்லி போடுங்க என்றேன், இன்னும் சங்கத்தில் நிற்கிற அதே குரலில். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். "இன்னாக்கா பண்றது, ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிகினு கீறாங்க. பங்கு குட்த்தவங்க சொன்னா மட்டும் கேளுன்னு வைத்தி சார் சொல்லிட்டாரு. நீங்க எந்த வூட்டுப் பங்குக்கா?"

எந்த வீட்டுப் பங்கு... தண்ணி லாரியிலிருந்து கார் வரைக்கும் எடை தெரிந்த வாய்க்கு இந்தக் கேள்வி. பங்கே வேண்டாம் என்று கைதட்டல் வாங்கிவிட்டு வந்தவள் நான், பாரமே இல்லை என்றால் பேச்சும் இல்லையா? உடைக்கிறவர் கட்டட்டும் என்றேனே, ரோடு யாருக்கு வேண்டுமோ அவர் கட்டட்டும் என்று யாராவது திருப்பிக் கேட்டிருந்தால்... கேட்கவில்லை, அதனால்தானே ஜெயித்தேன். சீட்டைத் திறந்தால் கவர் இருக்கிறது, கொடுத்துவிடலாம், கொடுத்தால் வைத்தீஸ்வரன் சார் மறுபடி கண்ணாடியைத் துடைப்பார், இந்த முறை சிரித்துக்கொண்டே. சாவி கையிலேயே இருந்தது. பின்னால் கங்கையம்மாள் அக்கா, டீச்சர், நாளைக்குத் தனியா ஓட்டறேன், நீங்க பின்னாடி உக்காரவே வேணாம் என்று கத்திக்கொண்டு வந்தார், நானும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினேன், பொன்னுசாமி அண்ணன் அடுத்த அள்ளு அள்ளினார். இந்தத் திருப்பத்தில் பயம் வந்ததும் வலது காலைத் தரையில் ஊன்றிவிடுவார் அக்கா, ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில், இப்போது டைல்ஸ் விழுகிற அதே இடத்தில், வெறும் ரப்பர் செருப்போடு. அந்த இடம் இந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும்.