கரையாத பிள்ளையார்

வேலையாட்கள் நுழையும் சிறு வாயிலில் வரிசை மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொருத்தியும் தன் எண்ணைச் சொல்ல, காவலாளி மைக்கேல்ராஜ் அதைக் கைப்பேசியில் தட்டுவார். திரையில் பச்சை விழுந்தால் உள்ளே போகலாம். சொர்ணத்தின் எண்ணைத் தட்டியபோது திரை சிவந்தது.

"இன்னொரு தடவ போடுண்ணா."

"போட்டுப் பாத்துட்டேன்க்கா. ரெட்டுதான் வருது. கொஞ்சம் ஒதுங்கி நில்லு, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

ஒதுங்கினாள். பின்னால் நின்றவர்கள் அவளைப் பார்க்காதவர்கள்போல் உள்ளே சென்றார்கள். அந்த ஏரிக்கரைக் குடியிருப்பில் நான்கு வீடுகளில் அவள் பாத்திரம் துலக்கித் தரை துடைக்கிறாள். பொம்மசந்திராவில் பிரஸ் மெஷினுக்கு விரல்களைக் கொடுத்துவிட்டு கணவன் உத்தமன் வீட்டோடு கிடக்கத் தொடங்கியபின், சந்தாபுராவில் அவர்களுடைய அடுப்பு எரிவது இந்த நான்கு வீடுகளால்தான். வாயில் மூடினால் நான்கும் ஒருசேர மூடிவிடும்.

வரிசை ஓய்ந்ததும் மைக்கேல்ராஜ் கைப்பேசியை அவள் பக்கம் திருப்பினார். "நீ பண்ணது குரூப்புல வந்திருச்சுக்கா. இதப் பாரு."

குடியிருப்போர் சங்கம் வாரந்தோறும் வெளியிடும் 'ஏரிச் செய்தி' அது. தண்ணீர் லாரிக்கும் நாய்த் தொல்லைக்கும் மேலே, பெரிதாக ஒரு படம். ஏரிக்கரைக் கம்பத்துக் கேமரா பிடித்தது. நீர் விளிம்பில் ஒரு பிள்ளையார். அதன் முன் கைகூப்பி நிற்கும் சொர்ணம். முகம் தெளிவாக விழுந்திருந்தது.

"என்னண்ணா எழுதியிருக்கு?"

"ஏரிய நாசம் பண்ற வேலக்காரங்களுக்கு இனிமே உள்ள எடமில்லையாம். போலீசுக்குச் சொல்லணும்னு வேற கீழ சில பேரு எழுதியிருக்காங்க."

"இத யாரு போடுறது?"

"ரூபினி மேடம்தான். பேப்பர் வேலையெல்லாம் அவங்கதானே பாக்குறாங்க."

அந்தப் பிள்ளையார், சொர்ணம் வேலை செய்யும் நான்கு வீடுகளில் ஒன்றான ரூபினி வீட்டுப் பிள்ளையார். களிமண் பிள்ளையாரையே வாங்குங்கள் என்று சதுர்த்திக்கு முன் எல்லாருக்கும் எழுதிய ரூபினி, மகள் அடம்பிடித்தாள் என்று வண்ணம் பூசிய பிளாஸ்டர் சிலையை வாங்கியிருந்தாள். குளியலறை வாளியில் நாள்கணக்கில் ஊறியும் அதன் துதிக்கை நுனிகூடக் கரையவில்லை. சிலை கரைக்கச் சங்கம் வைத்திருந்த தொட்டியிலோ களிமண்ணை மட்டுமே ஏற்பார்கள். அங்கே அதைத் தூக்கிச் செல்ல ரூபினிக்கு முகமில்லை. "யாரும் பாக்காம ஏரியில போட்டுட்டு வந்துடு சொர்ணம்" என்றாள்.

சொர்ணம் எடுத்துச் சென்றாள். ஆயினும், சாமியைக் குப்பைபோல் வீசுவதற்கு அவளுக்குக் கை வரவில்லை. கற்பூரம் ஏற்றி, பொரி தூவி, குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி வேண்டிக்கொண்ட பிறகே நீரில் இறக்கினாள். அத்தனை நேரமும் கேமரா அவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

நடைபாதையிலிருந்து சங்கத் தலைவர் பத்ரிநாத் வந்தார். பக்கத்தில் ரூபினி.

"நோடும்மா, இது நம்ம கெரே, நம்ம ஏரி" என்றார் பத்ரிநாத், கன்னடம் கலந்த தமிழில். "கண்டதெல்லாம் கொண்டாந்து போட்டா மீனு சாவாதா? யாரு மனெ பிள்ளையாரு அது?"

சொர்ணம் ரூபினியைப் பார்த்தாள். ரூபினி ஏரியைப் பார்த்தாள்.

"அவங்க வீட்டுதாத்தான் இருக்கும் சார்" என்றாள் ரூபினி. "கரைக்க எடமில்லாம இங்க கொண்டு வந்திருப்பாங்க. பாவம், விவரம் தெரியாது. இல்லையா சொர்ணம்?"

உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பினாலும், ஒரு வீட்டைக் காட்டிக்கொடுத்தவளை மற்ற மூன்று வீடுகள் உள்ளே விடுமா?

"எங்க வீட்டுதுதான் சார்."

"சரி. போட்டவளே எடுக்கட்டும். எடுத்துக் கரையில வெச்சா உன் நம்பரு ஓப்பன் ஆகும். போலீசு கீலீசு பேடா, வேண்டாம்."

"எனக்கு நீச்சல் தெரியாது சார். சேறு இழுக்கும்."

"ஓரத்துல ஏன் நீச்சலு? மைக்கேல், நீ கூடப் போ."

சரிவில் இறங்கும்போது ரூபினி அவளருகே வந்தாள். உதடு அசையாமல் சொன்னாள்: "போட்டுட்டு வான்னுதானே சொன்னேன்? பூஜை பண்ணச் சொன்னேனா?" பிறகு விலகி நின்று, படம் எடுக்கக் கைப்பேசியை உயர்த்தினாள்.

நீர் கறுத்து, ஓரங்களில் நுரை கட்டியிருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சொர்ணம் காலை வைத்தாள். சேறு கணுக்காலை விழுங்கியது. மைக்கேல்ராஜ் தம் தடியின் நுனியை நீட்டினார். "புடிச்சுக்கக்கா. கீழ பாக்காத." சற்று உள்ளே சென்றதும் தடி எட்டவில்லை.

இடுப்பளவு நீரில் குனிந்து துழாவினாள். மூச்சு முட்டியது. வழவழப்பாக ஏதோ அகப்பட்டது, இழுத்தாள். நீல நிறப் பிள்ளையார். அவள் விட்டது அதுவன்று. கரையை நோக்கித் தள்ளிவிட்டு மீண்டும் துழாவினாள். இம்முறை வந்தது முழங்கை உயரம் இருந்தது. தலையில் ஜரிகைத் தலைப்பாகை. கரையில் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த குடியிருப்புக்காரர்களின் சிரிப்பு நின்றது. சிலர் நடையைத் தொடர்ந்தார்கள். மூன்றாவதன் கழுத்தில் முத்துமாலை அறுபடாமல் கிடந்தது. அதைக் கண்டதும் பத்ரிநாத் அவசரமாகக் கையசைத்தார்.

"போதும், போதும். எடுத்த வரைக்கும் சரி. மேல வா."

ரூபினி கைப்பேசியைத் தாழ்த்தினாள்.

சொர்ணம் திரும்பினாள். சேற்றிலிருந்து காலைப் பிடுங்கி முன்னால் வைத்தாள். பாதத்தின் கீழ் உருண்டையாக, ஒரு கிரீடம். வெடுக்கென்று காலை எடுத்து இடப்புறம் வைத்தாள். அங்கே ஒரு துதிக்கை வளைந்திருந்தது. வலப்புறம் கால்விரலால் தடவினாள். அங்கும் ஒரு தலை.

"மேல வாம்மா. டைம் ஆகுது" என்று கரையிலிருந்து அழைத்துக்கொண்டே இருந்தார்கள்.

தூக்கிய காலை எந்தச் சாமியின்மேல் வைப்பது என்று தெரியாமல், இடுப்பளவு நீரில் ஒற்றைக்காலில் நடுங்கிக்கொண்டு நின்றாள்.