சம்சாரம் என்ற கட்டம்

மேடையில் பேச்சிமுத்து ஒரு சொல்லைச் சொன்னால், கரமனையில் இருக்கும் அவன் பெண்டாட்டி சுடலைமாடத்தியிடம் அந்தச் சொல் அத்தோடு தீர்ந்துபோகும். இது தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது. சாலைக் கடைத்தெருவில் யாரும் இதை அதிசயமாகச் சொல்வதில்லை. போன மழைக்கு எந்தக் கடைக்குள் தண்ணீர் ஏறியது என்று சொல்கிற அதே குரலில்தான் சொல்வார்கள்.

தென்காசிப் பக்கத்திலிருந்து மலையாள நாட்டுக்கு வந்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு பம்புசெட் கடையில் முப்பது வருஷமாக நிற்கிறவன் அவன். பேரில் இருக்கிற பேச்சு வாயில் இல்லையே என்று வியாபாரிகள் கேலி பண்ணுவார்கள். அந்த வீட்டுப் பேச்செல்லாம் மாடத்திக்குத்தான். மீன்காரியிடம் நெத்தோலி வாங்கப் போனால் நாலு கதையும் நாலு வசவும் இல்லாமல் திரும்ப மாட்டாள். புருஷனை மட்டும் "ஏங்க" என்று மூன்று தரம் கூப்பிட வேண்டும்; மூன்றாவது தரம் பாத்திரச் சத்தமும் சேர்ந்தால்தான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்குவான். முதலாளியின் அறுபதாம் கல்யாணத்தில் அவனை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தவன் "வணக்கம்" என்றதோடு இறங்கிவிட்டான். மானம் கப்பலேறிற்று. மறுவாரமே கிழக்கேகோட்டையில் ஒரு மாடியில் அனில் சார் நடத்துகிற மேடைப்பேச்சு வகுப்பில் போய் நின்றான்.

சேர்க்கைப் பாரம் மலையாளத்தில் இருந்தது. எழுத்துக்கூட்டிப் பேர், ஊர், வயசு என்று நிரப்பிக்கொண்டு வந்தவன் 'சம்சாரம்' என்ற கட்டத்துக்கு வந்தான். மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. திக்குமா, தெளிவா என்று தெரிந்துகொள்ளக் கேட்டிருந்தார்கள். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தவனுக்கு அது தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். ஆனால் வயசுக்கு அடுத்தபடி சம்சாரம் என்று கேட்டால் தமிழனுக்குப் பெண்டாட்டியைத் தவிர யார் ஞாபகத்துக்கு வருவார்கள்? சுடலைமாடத்தி என்று முத்துமுத்தாக எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டான்.

வகுப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலை ஊன்றி நில்லுங்கள், கடைசி வரிசையைப் பார்த்துப் பேசுங்கள், சிரிப்பு அடங்கும்வரை பொறுங்கள் என்று அனில் சார் சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் நாள், வாஷர் தேய்ந்த குழாயைப் பற்றிப் பேச்சிமுத்து ஐந்து நிமிஷம் பேசினான். வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அதே நேரத்தில் கரமனையில் மாடத்தி மீன்கூடைக்கு முன்னால் பாதிப் பேச்சில் நின்றாள். 'கிழவி' என்ற சொல்லையும் 'அழுகல்' என்ற சொல்லையும் எவ்வளவு தேடியும் அவளுக்குக் கிடைக்கவில்லை. மீன்காரி, உடம்புக்கு முடியவில்லையோ என்று நினைத்து நாலு மீன் கூடுதலாகப் போட்டுவிட்டுப் போனாள்.

அப்புறம் அவனை யார் பிடிக்க முடியும்? பம்பு கம்பெனிக் கூட்டம், கோயில் கொடைவிழா, வியாபாரிகள் சங்கம் என்று எங்கும் அவன்தான். முதல் வருஷத்தில் மாடத்திக்கு வசவெல்லாம் போயிற்று. இரண்டாம் வருஷம் காய்கறிப் பேர்களும் கிழமைகளும் போயின. ஒருநாள் கொல்லத்தில், குறட்டை விடும் புருஷனைப் பற்றி அவன் ஒரு வேடிக்கை சொன்னான். நானூறு பேர் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான், இது மாடத்தி வீட்டில் நூறு தரம் சொன்னது என்று உறைத்தது. ஒரு தரமாவது அவன் அதற்குச் சிரித்ததில்லை.

காலேஜில் படிக்கிற மகள் கௌசல்யாதான் முகத்துக்கு நேரே சொன்னாள். "நீங்க மேடையில பறையுறது முழுக்க அம்மாட வாக்காக்கும் அப்பா. அம்மா இப்ப மிண்டுறதே இல்ல, வாயே தொறக்கிறதில்ல, கண்டில்லியா?"

அவன் மாடத்தியைப் பார்த்தான். மிச்சமிருந்த சொற்களில் பொறுக்கிப் பொறுக்கி அவள் சொன்னாள். "நல்லாத்தான் பேசுதீங்க. வீட்ல ஒருநா பேசியிருக்கலாம்."

மறுநாளே அனில் சாரிடம் ஓடினான். அவர் பழைய பாரத்தை எடுத்துப் பார்த்து, தலையில் கைவைத்துக்கொண்டார். "சம்சாரத்துக்கு நேரே அவங்க பேரை எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சே அண்ணாச்சி, இனி மாத்த ஒக்காது. நீங்க மேடை ஏறாம இருந்தா உள்ளது மிச்சம். போனது போனதாக்கும்."

ஏறாமல்தான் இருந்தான், ஐந்து மாசம். ஆனால் கைதட்டல் கேட்ட காது சும்மா இருக்குமா? இந்த ஒன்று, இதுதான் கடைசி என்று மூன்று மேடை ஏறினான். கடைசியில் மாடத்தியிடம் "ஏங்க" என்ற ஒரு சொல்தான் நின்றது. அதை அவள் பத்திரமாக வைத்திருந்து, காலையில் ஒன்றும் சாயங்காலம் ஒன்றுமாகச் சொன்னாள். அப்போது பார்த்து வியாபாரிகள் சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு விழா வந்தது. மந்திரி வருகிறார், செயலாளர் வரவேற்காவிட்டால் நன்றாக இருக்காது என்றார்கள். பேச்சுக்காகவே அவர்கள் செயலாளர் ஆக்கியிருந்தது பேச்சிமுத்துவைத்தான். 'வணக்கம்' என் சொந்தச் சொல், வகுப்புக்கு முன்பே எனக்கு இருந்தது, அதை மட்டும் சொல்லி இறங்கிவிடுகிறேன் என்று மாடத்தியிடம் சத்தியம் பண்ணினான். அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

காலை ஊன்றி நின்றான். கடைசி வரிசையைப் பார்த்தான். வாயைத் திறந்தான். "ஏங்க" என்று வந்தது.

மண்டபமே அந்த ஒற்றைச் சொல்லில் கட்டுண்டது. ஆனால் அவன், மாடத்தியே பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல, சட்டென்று திரும்பி, "என்னளா?" என்றான். கல்யாணமான முப்பத்தோரு வருஷத்தில் முதல் கூப்பாட்டுக்கே அவன் பதில் சொன்னது அதுதான். கைதட்டல் ஓய ஒரு நிமிஷம் ஆயிற்று. கூட்டத்தை இப்படித் தொடங்க வேண்டும் என்று அனில் சார் இன்றைக்கும் வகுப்பில் அதை உதாரணம் காட்டுகிறார். சேர்க்கைப் பாரத்தில் சம்சாரம் என்ற கட்டத்துக்கு அடியில் இப்போது தமிழிலும் 'பேச்சு' என்று அச்சடித்திருக்கிறது.

அன்று அவன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினான். மாடத்தி திறந்தாள், அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பாவி, பாவி என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதான். அவனை உள்ளே கூப்பிட வேறு வழி தெரியாமல் அவள் எவர்சில்வர் டம்ளரை நிலைப்படியில் ஒரு தரம் தட்டினாள்.

இப்போதெல்லாம் அப்படித்தான். காலையில் ஒரு தட்டு, சாயங்காலம் ஒரு தட்டு. இரண்டாவது தரம் தட்ட அவன் விடுவதில்லை. பேப்பரைப் போட்டுவிட்டு, "என்னளா, சொல்லு" என்று போய் அவளுக்கு எதிரே உட்கார்ந்துகொள்கிறான்.